மடைவாய் வண்டல்

இச்சிக்குளத்து வண்டல் யாருக்கு எவ்வளவு என்று பேசுவதற்காக ஊர் கூடிய அன்றைக்குத்தான் மாரியாத்தாளை நான் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன்பு பார்க்காமல் இல்லை. என் கடையைத் தாண்டித்தான் அவர் தினமும் போவார், வருவார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவனுக்குக் குனிந்த தலை நிமிர நேரம் ஏது? சூலூர் ரோட்டில் போகிற எத்தனையோ பேரில் அவரும் ஒருவர் என்று இருந்துவிட்டேன். அன்றைக்கு அவர் கூட்டத்தின் கடைசியில் எழுந்து நின்று, "எனக்கும் பட்டா இருக்குதுங்க" என்றார். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

ஏன் அப்படித் திரும்பிப் பார்த்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். வண்டல் என்பது குளத்தின் அடியில் படிகிற கறுப்பு மண். கோடையில் குளம் வற்றினால் அதை வெட்டித் தோட்டத்தில் பரப்புவார்கள். உர மூட்டையே வேண்டாம், பயிர் கறுகறுவென்று வரும். வெட்டிக்கொள்ளும் உரிமை நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு. வெட்டிச் சுமக்கிற வேலை காலனிக்காரர்களுக்கு. மாரியாத்தாள் பாவாடை கட்டிய வயதிலேயே கூடை தூக்கியவர். சுப்பையனைக் கட்டிக்கொண்ட பிறகு இரண்டு பேருமாகச் சுமந்தார்கள். அந்த வட்டாரத்தில் அவர் தலையிலிருந்து மண் விழாத தோட்டம் குறைவு. தனக்கென்று ஒரு கூடை கேட்டதில்லை. கேட்டு வாங்கி எங்கே கொட்டுவது? வாசலைத் தாண்டினால் அடுத்தவர் நிலம்.

பிறகு மில் வேலைக்குப் போனார். பஞ்சுத் தூசியில் இருமி இருமிப் பல வருடம் ஓட்டினார். சுப்பையன் காலமானார், மில்லையும் மூடினார்கள். மில்லில் கொடுத்ததை வைத்து வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு நகை வாங்குவார் என்று எல்லோரும் நினைத்திருக்க, இச்சிக்குளத்துக் கரையை ஒட்டி அரை ஏக்கர் நிலம் வாங்கினார். அந்த நிலத்தைச் சீந்துவார் இல்லை. குளம் அப்படி நாறியது. ஊர்ச் சாக்கடையும், முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து வருகிற பச்சைத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து, மடைக்குக் கீழே நுரை ஆள் உயரத்துக்கு நிற்கும். காற்றடித்தால் நுரை ரோட்டுக்குப் பறந்து வந்து பஸ் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். குளம் நாறியதால்தான் அந்த நிலம் அவர் கைக்கு எட்டியது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

குளத்துக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கி வேலை செய்தோம். ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டோம். மனு கொடுத்தோம். போட்டோ எடுத்துக்கொள்வதற்காக மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தவர்களிடம் நான் சண்டை போட்டதும் உண்டு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒருவழியாகப் பட்டறைக் கழிவு வருகிற வாய்க்காலை அடைத்தார்கள். சாக்கடையைச் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் திருப்பினார்கள். மிச்சம் இருந்தது அடியில் கிடக்கிற சேறு. அதை எடுத்தால்தான் தண்ணீர் தெளியும் என்றார்கள். கரையோரத்தில் மண் எடுத்துப் பார்த்ததாகவும், பட்டா உள்ளவர்கள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்றும் உத்தரவு வந்தது. ஊர் கூடியது அதற்காகத்தான்.

குளத்தில் எல்லா இடத்து வண்டலும் ஒன்றல்ல. மடையை ஒட்டி ஆழமான இடத்தில் இருப்பதுதான் முதல் தரம். எண்ணெய் தடவினாற்போல் வழவழவென்று இருக்கும். மடைவாய் வண்டல் என்றாலே ஒரு மரியாதை. அது ராமுலு நாயுடு குடும்பத்துக்கு என்பது மாமூல். மாரியாத்தாள் பெரும்பகுதி கூடை சுமந்ததும் அந்த வீட்டுக்குத்தான். அவர் எழுந்து நின்று பட்டா என்றதும், பெரியவர் ராமுலு என்ன சொல்வாரோ என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

ராமுலு கைத்தடியை ஊன்றி எழுந்தார். "இந்தக் கொளத்து மண்ண மாரியாத்தாள விட எச்சா சொமந்தவங்க இங்க ஆரு இருக்கறாங்க? மடவாய் மண்ணு இந்தத் தடவ அவளுக்குப் போகட்டும். எங்களுக்கு மேக்கால கெடக்கறது போதும்" என்றார்.

 நான் நாத்திகம் பேசுகிறவன்தான், ஆனால் அன்றைக்கு அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மாரியாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார். "எசமானுங்க" என்று மட்டும் சொன்னார். 

மண் வந்து இறங்கிய நாளில் நானும் போயிருந்தேன். அவர் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். டிராக்டரை விட்டுச் சமன் செய்யலாம் என்று சொன்னேன்.

"வேண்டாமுங்க தம்பி. கையாலயே பரப்பிப் போடறேன். ஊராமூட்டுக் காட்டுல பரப்பிப் பரப்பிப் பழகுன கை, சொந்தக் காட்டுல எப்படி இருக்குதுன்னு பாக்கோணுமுங்க."

வெறுங்காலோடு அந்தக் கறுப்பு மண்ணில் நின்று, வெறுங்கையால் பரப்பினார். மண்ணில் ஒரு காட்டமான வாடை அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வண்டல் என்றால் நாற்றம் அடிக்கத்தான் செய்யும் என்று சிரித்தார். மேற்கு ஓரத்தில் ஒரு சின்னப் பட்டைக்கு மட்டும் மண் எட்டவில்லை. மற்ற இடமெல்லாம் கறுப்புக் கம்பளி விரித்தாற்போல் ஆகிவிட்டது.

மழை பெய்ததும் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் விதைத்தார். வந்தது பாருங்கள் கீரை! இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். முதல் அறுப்பை அவர் விற்கவில்லை. மண் ஏற்றி வந்த டிராக்டர்காரர் வீட்டுக்கு ஒரு கட்டு, என் வீட்டுக்கு ஒரு கட்டு, எல்லாவற்றிலும் பெரிய கட்டு ராமுலு வீட்டுக்கு. அந்த வீட்டில் பழைய சோறு வாங்கியிருக்கிறார், பழைய சேலை வாங்கியிருக்கிறார், தீபாவளிக்குப் பலகாரம் வாங்கியிருக்கிறார். கொடுக்கப் போனது அதுதான் முதல் தடவை. ராமுலுவின் மனைவி ராமாமணி அந்தக் கட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டதையும், அன்று மதியமே சமைத்ததையும் மாரியாத்தாள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்ற கையால மொளச்சத அவிய தின்னாங்க தம்பி. நல்லா இருந்துதுன்னு சொல்லியுட்டாங்க."

இப்படிச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்க முயற்சி செய்து தோற்றுவிட்டேன்.

ஆவணியில் குளம் நிரம்பியது. அடியில் கூழாங்கல் தெரிகிற தண்ணீரை இச்சிக்குளத்தில் என் வாழ்நாளில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கள் குழுவில் இருந்த கல்லூரி வேதியியல் ஆசிரியர் அபிலாஷ், தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார். ஒரு நாள் மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் போன் செய்தார்.

"பாலு சார், ரிசல்ட் வந்திருச்சு. நம்பவே முடியல. ரெண்டு வருஷம் முன்னாடி பார்த்த தண்ணியா இதுன்னு இருக்குது."

நான் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கத்துக் கத்தினேன். மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஆனால் போனில் அபிலாஷின் குரல் சந்தோஷமாக இல்லை.

"இன்னொண்ணு சார். மடைகிட்ட அள்ளாம மிச்சம் கிடந்த மண்ணையும் ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போனேன். ஈயம், காட்மியம், குரோமியம்... இந்த அளவெல்லாம் நான் பாடப் புத்தகத்துலகூடப் பார்த்ததில்ல. பட்டறைத் தண்ணி அத்தனை வருஷமா ஆழமான இடத்துல தேங்கித் தேங்கி, விஷம் மொத்தமும் அங்கதான் படிஞ்சிருக்குது. கரையோரத்துல அவ்வளவு இல்ல. தண்ணி இவ்வளவு சுத்தமானதே அந்த மண்ணு வெளிய போனதாலதான். சார், அந்த மண்ணு இப்ப எங்க இருக்குது?"

என் தட்டில் பாதி தின்ற கீரைப் பொரியல் இருந்தது; அன்று காலை மாரியாத்தாள் கொடுத்தனுப்பிய கீரை. வாயில் ஒரு கவளம் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "ஹலோ, ஹலோ" என்று அபிலாஷ் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.  கை கழுவினேனா என்பதுகூட நினைவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு குளத்துக் கரைக்குப் போனேன்.

மாரியாத்தாள் இரண்டாவது அறுப்பைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் சூலூர் சந்தைக்குக் கொண்டுபோவதாக இருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"வண்டல்ல வெசமா? ஏனுங் தம்பி, வெயில்ல வந்தீங்களா? சித்த உக்காருங்க, மோரு தாரேன்."

நான் உட்காரவில்லை. மறுபடியும் சொன்னேன். பட்டறைகளின் பேரைச் சொல்லி, அந்தப் பச்சைத் தண்ணீரை நினைவுபடுத்தி, அது எங்கே போய்ப் படிந்தது என்று சொன்னேன். அவர் கையிலிருந்த வாழைநார் நழுவிக் கீழே விழுந்தது. தன் உடம்பைப் பற்றிக் கேட்பார், நிலத்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நாயுடு ஊட்டுக்குக் குடுத்துப்போட்டனே தம்பி."

அப்படியே பாத்தியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார்.  "பொறந்ததுல இருந்து அங்க வாங்கித்தான் தின்னிருக்கறேன். மொதமொதலா ஒண்ணு குடுத்தேன். அது வெசமாப் போச்சே" என்றார்.  அந்தப் பட்டறை முதலாளிகளில் ஒருவன் அப்போது கண்ணில் பட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அன்று மாலையே ராமுலு வீட்டுக்குப் போனோம். மாரியாத்தாள் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார். சொல்லி முடித்ததும் ராமுலு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "நாந்தான குடுத்தேன். ஊருக்கு முன்னால எந்திரிச்சு நின்னு நாந்தான குடுத்தேன்" என்று அவர் வாய் முணுமுணுத்தது.  ராமாமணி மாரியாத்தாளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவுச் சத்தத்தைக் கேட்டு மாரியாத்தாள் ஒரு அடி பின்னால் போனார். நான் பார்த்தேன். எனக்கு ராமாமணியின் மேல் வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஒரு கட்டுக் கீரைக்கு இவ்வளவா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். மாரியாத்தாள் திட்டவில்லை. "அவிய மேல தப்பில்லீங்க. குடுத்தவ நான்" என்றார்.

எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருசில வேளை தின்றதால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் தின்ற மாரியாத்தாளுக்குத்தான் ஈயம் கூடுதலாக இருந்தது. அந்தக் கீரையை நிறுத்தினால் குறையும், ஆனால் மாதா மாதம் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

அடுத்த கூட்டத்தில் ஊரே பேயறைந்தாற்போல் இருந்தது. எல்லோர் தோட்டத்திலும் கொஞ்சமோ அதிகமோ குளத்து மண் இருக்கிறது. அதிகாரிகள் வந்து, மண்ணை அபாயக் கழிவு கொட்டும் இடத்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்வதாகவும், அதுவரை பொறுக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஜீப் மறைந்ததும் வேங்கடசாமி எழுந்தார். வாழைத்தோப்பு வைத்திருக்கிறவர்.

"எதுக்குப் பொறுக்கோணும்? கொளத்துல இருந்து வந்துது, கொளத்துக்கே போகட்டும். கரமேல நின்னு தள்ளியுட்டா முடிஞ்சுது சோலி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட அதிர்ச்சி, சுற்றிலும் தலைகள் ஆடியது. அத்தனை வருடம் பட்ட பாடு! நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. முதலில் மாரியாத்தாளின் மண்ணைத்தான் எடுக்க வேண்டும், அதுதான் இருப்பதிலேயே மோசம், பாவம் அந்த அம்மா என்று முடிவு செய்தார்கள். ராமுலு தன் டிராக்டரையே அனுப்பி வைத்தார். உதவி செய்கிறோம் என்று மனதார நம்பித்தான் எல்லோரும் கிளம்பினார்கள்.

நாங்கள் போனபோது மாரியாத்தாள் தன் நிலத்தின் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். டிராக்டர் வந்து நின்றது. அவர் நகரவில்லை.

"ஏனுங்க, எங்க கொண்டுட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

"கொளத்துக்குத்தான். உன்ற நெலம் சுத்தமாயிரும் ஆத்தா, தள்ளு" என்றார் வேங்கடசாமி.

"மறுக்கா அங்கயே கொட்டறதுக்கா இத்தன பேரு பாடுபட்டு எடுத்தீங்க? அங்க போட்டா மீனு திங்கும். மீன ஊரே திங்கும். தண்ணி நாலு ஊருக் கெணத்துக்கு ஊறும். இங்க கெடந்தா என்ற ஒருத்திக்குத்தானுங்க. கெடக்கட்டும். ஒரு கூட மண்ணுகூட இங்கிருந்து கொளத்துக்குப் போகாது. பட்டா என்ற பேர்ல இருக்குது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வேங்கடசாமி டிராக்டர்காரரைத் திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தார். நான் குழுவில் ஆயிரம் பேச்சுப் பேசியிருக்கிறேன், ஒன்றும் ஏறியதில்லை. டிராக்டர் பின்பக்கமாகவே ரோட்டுக்குப் போனது. அதன் பிறகு குளத்தில் கொட்டுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. மற்றவர்களுடைய மண்ணைச் சோதித்ததில் அநேகமாகப் பயமில்லை என்று வந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

அபிலாஷ் பூட்ஸும் கையுறையும் கொண்டுவந்தார். குழு மொத்தமும் சேர்ந்து அந்தக் கறுப்பு மண்ணைச் சுரண்டி, நிலத்தின் நடுவில் தடித்த தார்ப்பாய் விரித்துக் குவித்தோம். மழைத் தண்ணீர் இறங்காமல் மேலேயும் மூடி, சுற்றிலும் கரை கட்டினோம். மாரியாத்தாள் எங்களோடு சேர்ந்து அள்ளினார். அதே மண்ணைப் பரப்பும்போது அவர் முகம் இருந்ததும், அள்ளும்போது இருந்ததும் எனக்குத்தான் தெரியும். அந்தக் குவியல் இன்னும் அங்கேயே இருக்கிறது. வருகிறோம் என்றவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். குளத்தைப் பார்க்க இப்போது கோயமுத்தூரிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வருகிறார்கள். தண்ணீரைப் பார்த்து ஆச்சரியப்படுகிறார்கள். கம்பிவேலிக்கு உள்ளே கிடக்கிற அந்த மேடு என்ன என்று யாரும் கேட்பதில்லை.

மண் எட்டாமல் போன மேற்கு ஓரத்துப் பட்டையை மட்டும் அபிலாஷ் சோதித்துவிட்டு, இங்கே தாராளமாக விதைக்கலாம் என்றார். மாரியாத்தாள் அங்கே மறுபடியும் தண்டுக்கீரை போட்டார். சின்னப் பட்டை, சுமாரான கீரை. பறித்து, வீட்டிலேயே பொரியல் செய்து, தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"நாயுடு ஊட்டுக்குப் போறேன் தம்பி. கூட வாரீங்களா?"

"எதுக்குங்க அக்கா? அந்தம்மா அன்னிக்குக் கதவச் சாத்துனது மறந்துபோச்சா?"

"மறக்கலீங்க. அதுக்குத்தான் போறேன். அவிய கண்ணு முன்னால நான் மொதல்ல திங்கறேன். அப்புறம் தின்னாலும் சேரி, தின்னாட்டியும் சேரி."

எனக்குப் போக மனமில்லை. அவர்கள் வாங்கி மாட்டுக்குப் போட்டால் இந்த அம்மா தாங்குவாரா? ஆனாலும் போனேன்.

ராமுலு அன்றைக்கு வீட்டில் இல்லை. ராமாமணி உள்ளே வரச் சொன்னார். மாரியாத்தாள் சமையல்கட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து, போசியைத் திறந்து, மூடியில் கொஞ்சம் பொரியலை வைத்தார். "இது நல்ல மண்ணுல வந்ததுங்க. வாத்தியாரு பாத்துச் சொல்லிப்போட்டாரு. இருந்தாலும் மொதல்ல நான்..." என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

அந்தக் கை மூடிக்குப் போகும் முன்பே ராமாமணி எதிரில் தரையில் உட்கார்ந்து, அந்த மூடியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.  அந்த வீட்டு மனிதர்கள் மாரியாத்தாளின் ஏனத்திலிருந்து எடுத்துத் தின்று யாரும் பார்த்ததில்லை. அவருக்கு அந்த வீட்டில் ஒரு காலத்தில் தட்டு இருந்தது மாட்டுக் கொட்டகையில்.

ராமாமணி மென்று விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு உன்ற மூஞ்சியப் பாக்க என்னால முடியல மாரியாத்தா. மடவாய் மண்ண அவளுக்குக் குடுங்கன்னு அவருகிட்டச் சொன்னதே நான்தான். பெரிய தருமம் பண்ணறதா நெனச்சு, உன்ற நெலத்துல வெசத்தக் கொட்ட வெச்சுப்போட்டேன். எப்படி வந்து உன்ற முன்னால நிப்பேன்?"

மாரியாத்தாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மூடியைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்ததில் ஒரு வாய் எடுத்துத் தின்றார். நிதானமாக மென்றார்.

"உப்புப் பத்தலீங்க" என்றார்.

ராமாமணி எழுந்து உப்பு எடுக்க உள்ளே போனார்.